புதுப்பிப்பு: அப்பாவின் பழைய மடிக்கணினிக்கு டெபியனா, லினக்ஸ் மின்டா?

அப்பாவின் 4 ஜிபி ரேம் மடிக்கணினிக்கு டெபியன் 12 போடலாமா, மின்ட் 22 போடலாமா (இரண்டும் லினக்ஸ் இயங்குதளங்கள்) என்று முன்பு கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. இரண்டிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைச்சூழல்தான், வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வைஃபையும் உடனே கிடைத்தது. டெபியன் 12 முதல் வைஃபை போன்ற வன்பொருளுக்குத் தேவையான தனியுரிம ஃபர்ம்வேரும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) நிறுவியிலேயே வந்துவிடுகிறது, வைஃபை வேலை செய்யாதோ என்ற பழைய பயம் இனி வேண்டாம். சரி, டெபியனையே போட்டேன், என் கணினியிலும் அதுதான் என்பதால் அப்பாவுக்கு ஏதாவது சிக்கல் என்றால் போனிலேயே சொல்லிவிடலாம்.

எதிர்பாராதது ஒன்று: நிறுவும்போது ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல் கொடுத்தால் நம் கணக்குக்கு சூடோ அனுமதி, அதாவது நிர்வாகி வேலைகளைச் செய்யும் அனுமதி, கிடைக்காது, அதைக் காலியாக விட்டால் தானே வந்துவிடும். அப்புறம், தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள் போதும்.