மலைத் தோட்டத்துக்கு எந்த மெஷின்? வீடர், டில்லர், குட்டி டிராக்டர் ஓட்டுகிறவர்களின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிலின் மேலும் இருப்பது எழுதியவரின் ஊர்)

கோத்தகிரியிலிருந்து கேள்வி

ஒன்றரை ஏக்கர் நிலம். முக்கால்வாசி கேரட், பீட்ரூட், உருளை போடும் படி நிலம். மீதி வீட்டைச் சுற்றிப் புல்தரையும் நாலைந்து பேரிக்காய் மரமும். அடுக்குகளின் அகலம் 6 அடியிலிருந்து 12 அடி. உள்ளே போக 4 அடி நடைபாதை மட்டும்தான். உட்கார்ந்து ஓட்டும் கார்டன் டிராக்டர் ஒன்று வாங்கி உழவு, புல்வெட்டு, மண் தள்ளுவது எல்லாவற்றையும் அதிலேயே முடிக்க முடியுமா? வெளிநாட்டு வீடியோக்களில் முன்னால் பிளேடு மாட்டிப் பனியையே தள்ளிக் குவிக்கிறார்கள். ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள் அண்ணா.

கேத்தி

தம்பி, 4 அடி நடைபாதை என்று எழுதினீர்களே, பதில் அங்கேயே இருக்கிறது. ஹெச்பி, பிராண்டு, ஆஃபர் எல்லாம் அப்புறம். முதலில் டேப்பை எடுத்து மூன்று இடத்தை அளந்துகொள்ளுங்கள்: பாதையின் குறுகலான வளைவு, ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்கு ஏறும் வழி, அடுக்கின் கடைசியில் மெஷின் திரும்புகிற இடம். 18 ஹெச்பி மினி டிராக்டர் 600 கிலோவுக்கு மேல் இருக்கும். பிரேக் பிடித்துத் திருப்பினாலும் 7 அடிக்கு மேல் ஆரம் கேட்கும். 12 அடி அடுக்கில் அது திரும்பாது, ரிவர்ஸிலேயேதான் வெளியே வரவேண்டும். அவ்வளவு எடை மழைக்காலத்தில் வெளி ஓரத்தில் ஏறினால் வரப்போடு சேர்ந்து கீழ் அடுக்கில் போய் உட்காரும்.

பனி தள்ளும் வண்டி அந்த ஊர்க் கணக்கு. சமதளமான முற்றம், தார் போட்ட தரை, சக்கரத்தில் சங்கிலி, பின்னால் எடைக்கட்டை எல்லாம் இருந்தால்தான் அங்கேயும் ஓடும். புதிதாக விழுந்த பனி ஒரு கன அடி 2, 3 கிலோதான். நம் ஈரச் செம்மண் கன அடிக்கு 45 கிலோ வரும். புல்வெட்டுவதற்கென்று செய்த லான் டிராக்டரால் அந்த மண்ணைத் தள்ளினால் எண்ணெய் அழுத்தத்தால் இழுக்கும் அதன் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பெட்டி சூடேறி, உள்ளே எண்ணெய் இளகி, இழுவை விழுந்துவிடும். ஊட்டியில் விழுவது உறைபனி. வெயில் ஏறினால் தானாகப் போய்விடும், தள்ள ஒன்றுமில்லை.

புல்தரைக்கு மட்டும் வேண்டுமென்றாலும் சரிவைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளுக்குப் பொதுவான எல்லை 15 டிகிரி. 10 அடி மூங்கிலின் ஒரு முனையை மேட்டில் வைத்து ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள். மறு முனைக்கும் தரைக்கும் இடைவெளி 2 அடி 8 அங்குலத்தைத் தாண்டினால் அந்த இடத்தில் ஏறி ஓட்ட வேண்டாம். எல்லைக்குள் இருந்தாலும் ஏறி ஓட்டும் வண்டியை மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே ஓட்டினால் புரளும். கையால் தள்ளும் புல்வெட்டிக்கு இதற்கு நேர் எதிர். அதைக் குறுக்கேதான் தள்ளவேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிய கால் பிளேடுக்கடியில் போகும்.

உங்கள் நிலத்துக்கு 5 முதல் 7 ஹெச்பி பெட்ரோல் பவர் வீடர் (பின்னால் நடந்து ஓட்டும், சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் சின்ன மெஷின்) ஒன்று, பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிப் புல், புதர் வெட்டுவது) ஒன்று. அவ்வளவுதான். 9 ஹெச்பி டீசல் வீடர் நன்றாக உழும், ஆனால் 100 கிலோவுக்கு மேல். அடுக்கு மாற்றும்போதெல்லாம் நாலு ஆள் தேடவேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றுதானே மெஷினே வாங்குகிறீர்கள்? வீடரைவிடப் பெரிய, அதுவும் பின்னால் நடந்து ஓட்டும் 13 ஹெச்பி பவர் டில்லர் 400 கிலோ. ரோட்டோரம் அகலமான நிலம் வைத்திருப்பவருக்கு அது சரி.

ஊட்டி, மெக்கானிக்

ஹெச்பி பற்றி ஒன்று சேர்க்கிறேன். பெட்டியில் போட்டிருப்பது கீழே சமவெளியில் கிடைக்கிற சக்தி. உயரம் 300 மீட்டர் கூடக் கூட சாதாரண பெட்ரோல் எஞ்சின் சுமார் 3.5 சதவீதம் இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர். கால் பங்கு போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.5 ஹெச்பி இங்கே 4 ஹெச்பி. கோயம்புத்தூரில் யாரோ நன்றாக உழுகிறார்கள் என்று அதே மெஷினை வாங்கி வந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இழப்பு ஒரு பக்கம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இன்னொரு பக்கம். காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெல்வெட் மாதிரி கறுப்பாக, உலர்ந்த கரியோடு இருக்கும். புகை கறுக்கும், லோடு வந்ததும் இருமும். 1,500 மீட்டருக்கு மேல் நிரந்தரமாக ஓடுகிற எஞ்சினுக்கு மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாக மாற்றினால் சரியாகிவிடும். ஜெட் என்பது பெட்ரோல் அளவாகப் போகும் துளையுள்ள சின்ன பித்தளைத் துண்டு, கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் தெரியும். ஓட்டைக்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் இன்னும் மோசம். ஜெட் மாற்றிய மெஷினை மேட்டுப்பாளையம் பக்கம் கொண்டுபோய் ஓட்டுவதும் கூடாது. அங்கே பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் உரசும்.

ஆயில்தான் இங்கே அதிக எஞ்சினைக் கொல்கிறது. ஹோண்டா ஜிஎக்ஸ்160 வகை சிறு எஞ்சினில் 0.6 லிட்டருக்குள்தான் பிடிக்கும். உள்ளே பம்ப் கிடையாது, ஒரு கரண்டி எண்ணெயை வாரி அடிக்கும், அவ்வளவே. 20 டிகிரிக்கு மேல் சாய்த்து ஓட்டினால் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. ஆயில் அலர்ட் (எண்ணெய் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் அமைப்பு) உள்ள எஞ்சின் தானாக நின்றுவிடும். நிற்கிறதே என்று அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறார்கள், பிறகு கனெக்டிங் ராடு உடைந்து வருகிறது. 10டபிள்யூ-30 ஆயில் போடுங்கள். முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். சமதரையில் வைத்து, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் நுழைத்து அளவு பார்க்கவேண்டும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

பிக்கப்பில் ஏற்றும்போது படுக்கப் போடவே கூடாது. ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இறக்கினதும் கயிறு இழுத்தால் அசையாது. பலவந்தமாக இழுக்காமல் பிளக்கைக் கழற்றி, மெதுவாக இழுத்து ஆயிலை வெளியேற்றித் துடைத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

மன்னவனூர்

கொடைக்கானல் மேல்மலையிலும் இதே கதைதான். பூம்பாறை, கவுஞ்சி எல்லாம் பூண்டு, உருளை, கேரட் போடுற அடுக்கு. மெஷின் வாங்குறது சுலபம், அடுக்குல ஓட்டுறதுல நாலு விஷயம் இருக்கு.

மழை விட்ட மறுநாள் இறக்காதீங்க. ஒரு கைப்பிடி மண்ணை 4 அங்குல ஆழத்துல இருந்து எடுத்து இறுக்கிப் பிடிச்சு, கட்டைவிரலால தட்டுங்க. உதிர்ந்தா ஓட்டலாம். பிசைஞ்ச மாவு கணக்கா வழுக்கிட்டு நின்னா ரெண்டு நாள் பொறுங்க. ஈர மண்ணுல ஓட்டினா மேலே பொலபொலன்னு தெரியும், அடியில கத்தி தேய்ச்ச இடம் பலகை மாதிரி இறுகிடும். கேரட் அந்தப் பலகைல முட்டி ரெண்டா பிளந்து வரும்.

ஒரே ஓட்டுல ஆழம் போகக் கூடாது. முதல் ஓட்டு 2, 3 அங்குலம். பின்னாடி தொங்குற இழுவைக் கம்பியை ஒரு துளை இறக்கி ரெண்டாவது ஓட்டுல 5, 6 அங்குலம். மெஷின் முன்னாடி குதிச்சுக் குதிச்சு ஓடினா கம்பி மேலே இருக்குன்னு அர்த்தம். ஒரே இடத்துல நின்னு குழி தோண்டினா கம்பி ரொம்ப ஆழம். கைப்பிடியை அமுக்கி அமுக்கி ஓட்டுறவங்களுக்கு சாயங்காலம் தோள் போயிடும், கம்பியைச் சரியா வச்சா ரெண்டு விரல் போதும். கத்தி மாட்டும்போது கூர் பக்கம் சுழலுற திசையைப் பார்க்கணும். இடது வலது மாத்தி மாட்டிட்டு மெஷின் உழலைன்னு சொல்றவங்க நிறைய.

எப்பவும் சரிவுக்குக் குறுக்கே, அடுக்கோட நீளத்துக்கு ஓட்டுங்க. வெளி வரப்புல இருந்து ஒன்றரை அடி விட்டுடுங்க, அதை மண்வெட்டியால கொத்திக்கலாம். அந்த ஓரத்துப் புல் வேர்தான் அடுக்கைப் பிடிச்சு வச்சிருக்கு.

கிக்குயு புல் இருக்கிற நிலத்துல நேரா வீடர் விட்டா அந்தக் கொடி கயிறாத் திரிஞ்சு கத்தித் தண்டைச் சுத்தும். சுத்தினது உள்பக்கம் நகர்ந்து கியர்பெட்டியோட ஆயில் சீலைக் கிழிக்கும். சீல் போனா ஆயில் கசியும், மண் உள்ளே போகும், அப்புறம் கியரே போகும். முதல்ல பிரஷ் கட்டரால தரையோட வெட்டி வாரிட்டு, வெயில்ல ஒரு வாரம் காய விட்டு, அப்புறம் வீடர். அப்பவும் கால் மணிக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றி வச்சுட்டு, சுத்தினதை ஹேக்ஸா பிளேடால அறுத்து எடுங்க. பிளக் தொப்பியைக் கழற்றாம கத்தில கை வைக்காதீங்க.

கேத்தி

மன்னவனூர் அண்ணா சொன்னதோடு ரிவர்ஸ் கியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் மேல் அடுக்கின் கல்சுவர் இருக்கும். ரிவர்ஸ் போட்டதும் மெஷின் தாவி, ஆளைச் சுவரோடு வைத்து நெரிக்கும், காலடியில் கத்தி சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் கிளட்ச் லீவரை விட்டால் நிற்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். கை வலிக்கிறது என்று லீவரைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டுவதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். வாடகைக்கு வரும் மெஷினில் அந்தக் கயிறு இருந்தால் அறுத்துவிட்டுத்தான் ஓட்டச் சொல்லவேண்டும். சுவரோரம் வந்தால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, பக்கவாட்டில் நின்று, கைப்பிடியைத் தூக்கித் திருப்புங்கள்.

தலைகுந்தா

உறைபனிக் காலத்துக்கு மட்டும் சொல்கிறேன். டிசம்பர், ஜனவரியில் பள்ளத்து நிலங்களில் விடியற்காலை எல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்த நேரத்தில் புல்தரையில் மெஷின் விடக் கூடாது, நடக்கவும் கூடாது. உறைந்த இலை மிதித்தால் நொறுங்கும், இரண்டு நாளில் கால்தடம் அப்படியே பழுப்பாகத் தெரியும்.

காலையில் ஸ்டார்ட் ஆகி இரண்டு மூன்று நிமிடத்தில் எஞ்சின் அணைந்து, கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடுகிறதா? கார்புரேட்டர் தொண்டையில் ஈரக்காற்று உறைந்து அடைக்கிறது. பிரித்து மேய வேண்டியதில்லை. சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் சூடேற விடுங்கள். ஸ்பிரிங்ளர் பம்ப்புக்குள் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், அடியில் உள்ள டிரெயின் திருகைத் திறந்து வையுங்கள். உறைந்தால் வார்ப்புக் கூடு விரிசல் விடும். பயிர் மேல் விழுந்த உறைபனியை வெயில் படுவதற்கு முன் ஸ்பிரிங்ளர் போட்டுக் கழுவுவதுதான் இங்கே வழக்கம். அதனால் விடிகாலையில் பம்ப் ஓடியே ஆகவேண்டும், முந்தின இரவே பெட்ரோல் நிரப்பி வையுங்கள்.

குன்னூர்

பிரஷ் கட்டர்: 2 ஸ்ட்ரோக் (பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் எஞ்சின்) என்றால் பெட்டியில் போட்ட விகிதத்தைப் பாருங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றினால் பிஸ்டன் பிடிக்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அது நம் மூடுபனி ஈரத்தை இழுத்து, டேங்க் அடியில் தண்ணீராகப் பிரியும். ஒரு மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓட விடுங்கள்.

புல்லுக்கு நைலான் கயிறு, உண்ணிச்செடிக்கு 80 பல் பிளேடு. கல்சுவர் ஓரம் பிளேடு வேண்டாம். கயிறு போதும். பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும், ஆகவே வலமிருந்து இடமாக வீசி, இடது பாதியால் வெட்டுங்கள். வலது மேல்முனை கட்டையில் பட்டால் மெஷின் ஆளை உதைத்துத் தள்ளும். சரிவில் கீழ்ப்பட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பட்டையாக மேலே போனால், வெட்டின புல் வெட்டி முடித்த இடத்திலேயே விழும். 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடி போடாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கூக்கல்தொரை

இதுவரை யாரும் எழுதாதது: மெஷினைக் கழுவுவது. உருளைக்கிழங்கு வேரில் கூடுகட்டும் நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால்தான் நம் விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. அதன் கூடு குண்டூசித் தலையைவிடச் சின்னது, மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். ஒரு தோட்டத்தில் ஓட்டின வாடகை வீடர் கத்தியில் ஒட்டின மண்ணோடு அடுத்த தோட்டத்துக்கு வந்தால் புழுவும் கூடவே வரும். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஒரே நிலத்தில் விடாமல் உருளை போடுகிறவர்களுக்கு இது பெரிய அடி. வரும் மெஷினை வாசலிலேயே நிறுத்தி, கத்தி, சக்கரம், பக்கத் தகடு எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். கழுவின தண்ணீர் பாத்திப் பக்கம் ஓடக் கூடாது. சொந்த மெஷினை வாடகைக்கு விடுகிறவர்களும் திரும்பி வந்ததும் இதைச் செய்யுங்கள்.

கோத்தகிரி

ரொம்ப நன்றி அண்ணன்மார்களே. டிராக்டர் யோசனையை விட்டாச்சு. மானியம் பற்றி ஒரு வார்த்தை?

ஊட்டி, மெக்கானிக்

வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் கிடைக்கும். சிறு, குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியில் பதிவு செய்யுங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. பட்டியலில் உள்ள மாடல்களில் உங்களுக்குப் பிடித்ததைக் குறித்துக்கொண்டு, கிளட்ச் கேபிள், பெல்ட், கத்தி செட், ஆயில் சீல் இந்த நான்கும் ஊட்டியிலோ குன்னூரிலோ கடையில் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். "ஆர்டர் போட்டால் வரும்" என்று சொன்னால் அடுத்த மாடலைப் பாருங்கள். உழவு நேரத்தில் 20 ரூபாய் சீலுக்காக மெஷின் பத்து நாள் மூலையில் கிடக்கும்.