சின்னம்மாவைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாம்பன்காரி:

எங்க சின்னம்மா போன மாதம் இறந்துபோனார். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும்தான் சின்னம்மா என்றில்லை, தெருவில் பாதிப் பேருக்கு அவர் சின்னம்மாதான். எனக்கு அதுக்கும் மேலே கூட்டாளி. அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். சர்க்கரை, அப்புறம் கிட்னி, ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்ததிலேயே ஆள் ஓய்ந்துவிட்டார். அதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. எழுத வந்தது வேறு. இறப்பைப் பதியக் கொடுத்த படிவத்தில் தொழில் என்று கேட்ட இடத்தில் யாரோ ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து கடலுக்குள் முங்கிச் சம்பாதித்த பொம்பளை, இல்லத்தில் இருந்த நேரம்தான் குறைவு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆண்கள் மீனுக்குப் போகிற மாதிரி பெண்கள் பாசிக்குப் போவார்கள். வத்தை என்கிற சின்னப் படகில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, டீசல் காசைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு, விடியுமுன் கிளம்பித் தீவை ஒட்டின பார் (கடலடிப் பாறைத் திட்டு) பக்கம் இறங்குவார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, காலில் ரப்பர் செருப்பைக் கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். சின்னம்மா விரலுக்குத் துணி சுற்றுவதைச் சின்ன வயசில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பழைய பருத்திச் சேலையை நீளவாக்கில் கிழித்து, பெருவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவார். அப்படியும் பார்க்கல் கிழித்துவிடும். அந்தக் கையோடு மத்தியானம் வந்து புளி கரைத்து மிளகாய் அரைத்துக் குழம்பு வைப்பார், ஒரு முனகல் இருக்காது. ஆனால் கடையில் எடை குறைந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

மரிக்கொழுந்துப் பாசிக்குத்தான் நல்ல விலை, கட்டக்கோரை அதைவிட மட்டம். கரையில் பரப்பிக் காயவைத்து, மண்ணை உதறி, வியாபாரியிடம் எடைக்குப் போடுவார்கள். முன்பணம் வாங்கியவர்களுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. சின்னம்மா வாங்கமாட்டார். “வாங்குனா அவன் தராசு நம்ம கழுத்துல தொங்கும்த்தா” என்பார். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் இதே பேச்சுதான், அது சித்தப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

பெரிய தொல்லை தீவுகளால் வந்தது. மன்னார் வளைகுடாவில் எங்கள் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை இருக்கிற 21 தீவுகளையும் 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பாட்டி காலத்திலிருந்து இறங்கின இடத்தில் இறங்கினால் குற்றம் என்று ஆகிப்போனது. பிடித்தால் பாசி போச்சு, சில சமயம் வத்தையும் போச்சு. ஒருமுறை சின்னம்மாவும் மாட்டினார். அபராதத்தை அவர் மறந்துவிட்டார், நனைந்த சேலையோடு பொழுது சாயும்வரை உட்காரவைத்ததை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை. அப்புறம் பெண்களே கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்துக்கு 12 நாள்தான் பாசிக்குப் போவது. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் பிடுங்கவேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் லீவு. (இந்தப் பாசி வேலையிலிருந்து வந்த சின்னப்பாலம் ஊர் லட்சுமி அம்மாவுக்குத்தான் 2015-ல் சீகாலஜி விருது, தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தருகிற விருது, கொடுத்தார்கள். சின்னம்மா அந்தச் செய்தி வந்த பேப்பரை அலமாரியில் விரித்து அதன் மேலே சாமான் அடுக்கி வைத்திருந்தார். மரியாதைக்குறைவு இல்லை, தினமும் கண்ணில் படட்டும் என்றுதான்.)

இவ்வளவும் ‘இல்லத்தரசி’க்குள் அடங்கிவிட்டது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் மகன், மருமகள், பேரன் பெயர்தான் வரிசையாக இருந்தது. அவரை எங்காவது பார்த்தவர்கள், பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள். ‘ஆழ்ந்த இரங்கல்’ வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

மண்டபம் பழைய மாணவன்:

அக்கா, நான் பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் புராஜெக்ட்டுக்காகத் தங்கியிருந்தபோது அவரைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் சொன்ன அந்தச் சட்டையும் தராசுப் பேச்சும் அவர்தான், சந்தேகமே இல்லை. பாசி மாதிரிகள் சேகரிக்க கரைக்குப் போயிருந்தேன். என் கையில் படம் போட்ட புத்தகம் இருந்தது. ஜெலிடியெல்லா அசிரோசா (மரிக்கொழுந்தின் அறிவியல் பெயர்) என்று நான் எடுத்து வைத்ததை அவர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். “தம்பி, மரிக்கொழுந்து வெரலுக்கு முரமுரன்னு இருக்கும், இது வழுவழுங்குது.” ராத்திரி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. அதற்கப்புறம் புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்து பழகிக்கொண்டேன்.

ஒருநாள் இந்தப் பாசியெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுப்பார்கள், அதை ஜெல்லி மாதிரி தட்டில் ஊற்றி ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்ப்பார்கள், அப்போதுதான் என்ன நோய் என்று கண்டுபிடிக்க முடியும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப நான் மூச்சடக்கிப் பிடுங்குனது கிருமிக்குச் சோறு போடவா?” கூட இருந்தவர்கள் எல்லாரும் சிரித்து, அன்றைக்கு முழுக்க அதே கேலிதான். ஐஸ்கிரீமிலும் போடுவார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். அதை முதலில் சொல்லியிருக்கலாமே என்று திட்டு வாங்கினேன்.

என் ஆய்வேட்டில் நன்றி பக்கத்தில் பேராசிரியர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. அவர் பெயரும் இருக்கிறது. நகல் அனுப்பி வைக்கிறேன்.

கீழக்கரைத் தம்பி:

எங்க வாப்பா சங்கு குளித்தவர். அவர் மவுத்தானபோது அதே படிவத்தில் ‘கூலி’ என்று எழுதினார்கள். அவர் எடுத்த சங்கு வங்காளம் வரை வளையலுக்குப் போனது. அதிகம் எழுத வரவில்லை அக்கா, உங்கள் கோபம் புரிகிறது.

பரமக்குடி டீச்சர்:

இது அவர்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் பாம்பனில் ஏறிய அம்மா, கையெல்லாம் தழும்பு, டயாலிசிஸுக்குப் போகிறேன் என்றார், வேறு யாராக இருக்கும்? 2025 ஏப்ரலில் பாம்பன் கடல் மேல் புது ரயில் பாலம் திறந்து கொஞ்ச நாள் கழித்து, ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தோம். பெட்டியில் எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓட, அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே என் மகனுக்குப் பழைய பாலத்தின் கதையைச் சொன்னார். 1914-ல் கட்டினது, கப்பல் வந்தால் ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கையாலேயே சுத்துவாங்க, பாலம் ரெண்டாப் பிரிஞ்சு மேலே எந்திரிக்கும் என்று கையை விரித்துக் காட்டினார். புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் உயரம் போகும் என்று என் மகன் படித்ததை ஒப்பித்தான். “ஆள் இல்லாமலா? அப்ப சுத்துனவனுக்கு வேலை?” என்று கேட்டார். அவனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

இறங்கும்போது பையிலிருந்து கருவாட்டுப் பொட்டலம் எடுத்து அவன் கையில் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. வீட்டில் இன்றைக்கும் அந்தக் கருவாட்டு ருசியைப் பற்றிப் பேசுவோம்.

பாம்பன்காரி:

டீச்சர், அவரேதான். காசு வாங்காமல் கொடுத்தார் என்பதை மட்டும் இங்கே யாரும் நம்பமாட்டார்கள், எங்களிடமெல்லாம் எடை போட்டு வாங்கிவிடுவார். பையனை அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கவேண்டும்.

தம்பி, அந்த நன்றி பக்கத்தை மட்டும் முதலில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவர் மகனிடம் காட்டவேண்டும், ‘இல்லத்தரசி’ என்று சொல்லிக் கொடுத்தது அவன்தான் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கேட்டால் முழிக்கிறான்.

கீழக்கரைத் தம்பிக்கு: எழுத வராவிட்டால் பரவாயில்லை, வாப்பா எந்தக் கரையிலிருந்து போவார், எவ்வளவு ஆழம் இறங்குவார், அதை மட்டுமாவது ஒரு வரி போடுங்கள்.

அப்புறம் கருவாடு. சின்னம்மாவோடு வத்தையில் போன அக்கா ஒருத்தர் இன்னும் போடுகிறார், அதே பக்குவம்தான். டீச்சருக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். ஆனால் இவர் காசு வாங்குவார், பேரம் பேசினால் அதற்கும் சேர்த்து வாங்குவார்.