ராணுவ ஹெலிகாப்டரிலிருந்து பயணிகள் விமானத்துக்கு: 250 மணி நேரத்தை எப்படி நிறைவு செய்வது?

வணக்கம். அமெரிக்கத் தரைப்படையில் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஓட்டும் என் தம்பிக்காக இதைக் கேட்கிறேன். கென்டக்கி எல்லையிலுள்ள ஃபோர்ட் கேம்பெல் தளத்தில் பணிபுரியும் அவன், அடுத்த ஆண்டு இறுதியில் விடுபட்டு, பயணிகள் விமான நிறுவனத்தில் சேர விரும்புகிறான்.

ராணுவ விமானிகளுக்கான தகுதித் தேர்வை எழுதி, ஹெலிகாப்டருக்கான வணிக உரிமத்தைப் பெற்றுவிட்டான். பயணிகள் விமான நிறுவனத்தில் பறப்பதற்கான உரிமத்துக்கு, வழக்கமான 1500 மணி நேரப் பறத்தல் அனுபவத்துக்குப் பதில் ராணுவ விமானிகளுக்கு 750 மணி நேரமே போதும் என்ற சலுகை இருப்பதாலும், ஹெலிகாப்டர் நேரமும் அதில் சேரும் என்பதாலும், மொத்தக் கணக்கில் அவனுக்குக் குறையில்லை. ஆனால் ஹெலிகாப்டரில் அல்லாமல் விமானத்தில் தலைமை விமானியாக 250 மணி நேரமும், பல எஞ்சின் விமானத்தில் 50 மணி நேரமும் தனியே காட்ட வேண்டும். பிளாக் ஹாக்குக்கு இரண்டு எஞ்சின்கள் இருந்தும் அது இங்கே உதவாது. இரவில் மலைகளுக்கிடையே பறந்த அனுபவம் இந்தக் கணக்கில் ஏறாதது எனக்கு வருத்தமே.

வார இறுதிகளில் செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறக்கிறான். சம்பளத்தின் பெரும்பகுதி அதிலேயே கரைகிறது. ஹெலிகாப்டர் விமானிகளுக்கு மாற்றுப் பயிற்சி தரும் பிராந்திய விமான நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தும் பதில் வரவில்லை. முன்னாள் படைவீரர் கல்வி உதவித்தொகையைப் பற்றி விசாரித்தபோது, கேட்ட இருவரும் முரணான விளக்கங்களைத் தந்தார்கள். பணியின் கடைசி 180 நாட்களுக்குள் ஸ்கில்பிரிட்ஜ் என்ற, படையிலிருந்து விடுபடுவோருக்கான வெளிவேலைப் பயிற்சிக்குச் செல்லலாம். அதற்குப் படைத்தலைவரின் அனுமதி வேண்டும் என்பதால் இப்போதே திட்டமிட வேண்டியிருக்கிறது.

ஹெலிகாப்டரிலிருந்து இவ்வாறு மாறியவர்களோ, மாறியவர்களை அறிந்தவர்களோ இங்கிருந்தால், அந்த 250 மணி நேரத்தைக் கடனில் சிக்காமல் எந்த வழியில் நிறைவு செய்தீர்கள் என்று சொல்ல முடியுமா?