பையனுக்குக் குரல் உடைகிறது, பாட்டை நிறுத்தலாமா?

பரங்குன்றம் அம்மா:
என் மகனுக்கு 13 வயது. 7 வயதிலிருந்து பாட்டு வகுப்பு. 5 கட்டை என்ற உயரமான சுருதியில் கணீரென்று திருப்புகழ் பாடுவான். இரண்டு மாதமாக மேல் ஸட்ஜத்தை, அதாவது மேல் ஸ-வைத் தொட்டாலே குரல் கிழிகிறது. கூட வரும் பையன்கள் சிரித்துவிட்டார்கள். சுருதிப்பெட்டியைப் பீரோ மேல் தூக்கி வைத்துவிட்டான். வகுப்பிலோ, ஒரு வருடம் கழித்துக் கூட்டி வாருங்கள் என்கிறார்கள். அதற்குள் விட்டே விடுவானோ என்று பயமாக இருக்கிறது.

செல்லூர் பாட்டு வாத்தியார்:
நிறுத்தாதீர்கள் அம்மா. மகரக்கட்டு உடைவது என்பார்கள் இதை. 1918-ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நம் மதுரையில் தொடங்கியது பையன்களே பாடி நடித்த நாடக சபை. அந்த மாதிரிக் கம்பெனிகளில் பையன்களுக்குப் பெரிய கவலையே இதுதான்.

குரல்வளை வளர்கிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ஸ-வுக்கும் கீழ் ஸ-வுக்கும் உள்ள தூரம், கீழே இறங்கும். அதில் நோய் எதுவும் இல்லை. 5 கட்டையை விட்டுவிடுங்கள். அவன் சாதாரணமாகப் பேசும் குரலுக்குப் பக்கத்தில் சுருதி வையுங்கள், 2 கட்டையோ 1½ கட்டையோ. மாதாமாதம் மாற்ற வேண்டி வரும், மாற்றுங்கள். ஸ முதல் ப வரை, மெதுவாக ‘ஆ’ என்று இழுத்துப் பாடும் அகாரம், காலையும் மாலையும் பத்து நிமிடம். எட்டாத ஸ்வரத்தை முக்கிப் பிடிக்கவே கூடாது. என்னிடம் ஒரு பையன் எட்டு மாதம் நாலைந்து ஸ்வரத்துக்குள்தான் பாடினான். அந்த எட்டு மாதத்தில் அவனுக்குத் தாளமும், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகமும் நன்றாகப் படிந்தன. வலி இருந்தாலோ, மூன்று வாரம் தாண்டியும் தொண்டை கட்டியே இருந்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

மேலூர்க்காரன்:
அக்கா, நான் 14 வயதில் பஜனைக்குப் போவதை நிறுத்தினேன். ஒரு வருடத்தில் குரல் சரியாகிவிட்டது. ஆனால் மறுபடி போய் உட்காரக் கூச்சம். இப்போது 41 வயது, இன்னும் போகவில்லை. மார்கழி பஜனையில் தம்பி கையில் ஜால்ராவைக் கொடுத்து உட்கார வையுங்கள். முடிந்த அடிக்கு மட்டும் கூடப் பாடட்டும். சிரிக்கிற பையன்களுக்கும் அடுத்த வருடம் இதே கதைதான் என்று சொல்லுங்கள்.

பரங்குன்றம் அம்மா:
நன்றி சார், நன்றி தம்பி. நேற்று ராத்திரி பெட்டியை இறக்கி 2 கட்டை வைத்தோம். கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடினான். மத்தியமத்தில், அதாவது ம-வில், பிசிறியது. நிறுத்திவிட்டு, அவனாகவே ஸ-விலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.