மாசக் கடைசியில் உங்கள் அடுப்படி எப்படி ஓடியது? (அனுபவப் பகிர்வு)

காவேரிக்கரை:

சமையல் குறிப்பு கேட்டு இதைத் தொடங்கவில்லை. பருப்பு டப்பா காலியாகி, சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள் கிடக்கும்போது உங்கள் வீட்டில் யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று எழுதுங்கள். நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டது கும்பகோணம் பக்கம், பெரிய குடும்பம். என் மாமியார் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சந்தைப் பையைத் தரையில் கொட்டிக் காய்களைப் பிரிப்பதைப் பார்த்தால் கணக்குப்பிள்ளை தோற்றுப்போவார். கீரை அன்றைக்கே ஆக வேண்டும். முள்ளங்கியின் இலையும் அன்றைக்கே, முள்ளங்கி அப்புறம். வெண்டையும் கத்தரியும் வாடுவதற்குள். அவரை, கொத்தவரை நடுவாரத்தில். சேனை, கருணை, முழுப்பூசணி எல்லாம் கடைசிக்கு. ஃபிரிட்ஜ் இல்லாத வீடு. இன்றைக்கு என்ன சாப்பிடலாம் என்ற பேச்சே அங்கே எழாது. எது முதலில் கெடும் என்பதுதான் பேச்சு. வெளியே போகிற காசில் பாதி அழுகிய காயாகத்தான் போகிறது என்பார். இப்போது ஃபிரிட்ஜ் வைத்திருக்கிற நான்தான் அதன் அடித்தட்டில் அழுகிய கொத்தமல்லியைத் தேடி எடுத்துப் போடுகிறேன்.

பீர்க்கங்காய் வந்தால் காய் கூட்டுக்குப் போகும். மேலே இருக்கும் கூர்மையான நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, தோலை உளுந்து, மிளகாய், புளியோடு வதக்கித் துவையல். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வேகவைத்துப் பொரியல். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி பாசிப்பருப்புக் கூட்டுக்கு. ருசி சுரைக்காய் மாதிரிதான், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

பருப்பே இல்லாத நாளில் சாம்பாருக்குப் பொட்டுக்கடலை. அது ஏற்கெனவே வறுபட்டது, வேகவைக்கும் வேலையே இல்லை. இரண்டு கைப்பிடியைப் பொடித்து, பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, புளியும் காயும் வெந்து முடிந்தபின் கடைசியில் ஊற்ற வேண்டும். ஆறினால் இறுகிவிடும், அதனால் இறக்கும்போது கொஞ்சம் நீர்க்கவே இருக்கட்டும். துவரம்பருப்புச் சாம்பாரின் மணம் வராது. இட்லிக்கு ஏ-ஒன். சோற்றுக்குச் சுமார்.

விழுப்புரத்து இட்லி:

நாங்கள் ரேஷன் அரிசியில் வளர்ந்தவர்கள். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் "அது கோழிக்குத்தான் வாங்குறோம்" என்பார்கள். அவர்கள் வீட்டில் கோழியைக் கண்டவர் யாரும் இல்லை.

தெருமுனையில் ஒரு ஆயா இட்லிக்கடை வைத்திருந்தார். அவரிடம் இட்லி வாங்கித் தின்றுவிட்டு, "எந்தக் கடை அரிசி?" என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். ரேஷன் புழுங்கல் அரிசிதான். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்து விலை ஏறினால் உளுந்தைக் குறைத்து வெந்தயத்தைக் கூட்டுவார், அரைக்கும்போது ஒரு கைப்பிடி பழைய சோறு சேர்ப்பார். மாவு பொங்கும், இட்லி பஞ்சாக இருக்கும். அரிசியில் மூட்டை வாடை இருந்தால் முதல் இரண்டு தண்ணீரையும் மாட்டுக்கு வைத்த கழனித் தொட்டியில் ஊற்றிவிட்டு மூன்றாவது தண்ணீரில் ஊறவைப்பார். சோறாக ஆக்குவதென்றால் குக்கர் கூடாது. நிறையத் தண்ணீரில் வடித்தால் வாடையில் பெரும்பகுதி கஞ்சியோடு போய்விடும்.

இன்னொன்று. கொஞ்ச வருசத்துக்கு முன் வர ஆரம்பித்த ரேஷன் அரிசியில் சில மணிகள் நிறம் மாறி, தண்ணீரில் மிதக்கும். எங்கள் அம்மா அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, அரிசி வடிவில் அச்சிட்டு எடுத்து, நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து கொடுத்தார்கள். இப்போது எறிவதில்லை. ஆனால் இன்றும் அந்த மணிகளைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்:

அக்கா, நாங்கள் மேன்ஷனில், அதாவது பேச்சலர் விடுதியில், ஒரு அறையில் ஐந்து பேர் இருந்தோம். சமைக்கக் கூடாது என்பது விதி, கட்டிலுக்கு அடியில் ஒரு ரைஸ் குக்கர் இருந்தது என்பது நிஜம். குழுவில் ராமநாதபுரத்துக்காரன் ஒருவன்தான் சமையல். அவன் சொன்ன முதல் பாடம்: முட்டையை அவித்துப் போட்டால் ஆளுக்கு ஒன்று வேண்டும், குழம்பில் உடைத்து ஊற்றினால் மூன்றே போதும். குழம்பு கொதித்ததும் சூட்டைக் குறைத்து, முட்டையை உடைத்து விட்டுவிட்டுக் கரண்டியைத் தொடவே கூடாது. வெந்து இறுகிய பிறகு துண்டு போட்டுக்கொள்ளலாம். ஆம்லெட்டுக்குக் கொஞ்சம் கடலைமாவைக் கரைத்துச் சேர்ப்பான். வெங்காயம் தூக்கலாக இருந்தால் மாவு இருப்பது நாக்குக்குத் தெரியாது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போனதே, நினைவிருக்கிறதா? சென்னையில் ரேஷன் கடையில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. அந்த வரிசையில் நின்றால் வேலைக்கு நேரமாகிவிடும். அந்த மாதம் முழுக்க எங்கள் அறையில் புளித்தண்ணி ரசமும் எலுமிச்சை சாதமும்தான். பெரிய வருத்தமெல்லாம் இல்லை. தக்காளி போடாத மிளகு ரசம்தான் ரசம் என்று இப்போதும் சண்டை போடுவேன்.

ஊரிலிருந்து அவன் கொண்டுவந்த கருவாட்டைப் பற்றி எழுதினால் மேன்ஷன் காவலாளி இப்போதுகூடத் தேடி வருவார். விட்டுவிடுகிறேன்.

கிணற்றடி (யாழ்ப்பாணம்):

நீங்கள் மாசக் கடைசி என்கிறீர்கள். எங்களுக்கு வருசக்கணக்கில் மாசக் கடைசிதான். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்குள் மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து எல்லாம் தடை. வருவது வந்தாலும் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் நாலு சொட்டு மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் நான் படித்ததும் அம்மம்மா சமைத்ததும்.

சீனி கிடையாது. பனங்கட்டியைச் சின்னத் துண்டாக உடைத்து உள்ளங்கையில் தருவா. அதைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்க வேண்டும். துண்டு முதலில் முடிந்தால் மிச்சத் தேத்தண்ணி கசப்பாகத்தான் போகும், அது எங்கள் பாடு.

தேங்காயை அம்மம்மா கையாண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். துருவி, தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்த முதற்பாலைத் தனியாக வைப்பா. பிறகு தண்ணீர் விட்டுப் பிழிந்த இரண்டாம், மூன்றாம் பாலில் கறி வேகும். முதற்பால் இறக்கும் நேரத்தில்தான் விழும். பிழிந்த தேங்காய்ப்பூவை மற்ற வீடுகளில் கோழிக்குப் போடுவார்கள். இவ அதை முருங்கையிலை வறைக்குள் (உங்கள் பொரியல் மாதிரி) போடுவா, இல்லாவிட்டால் கோதுமை மாவோடு பிசைந்து ரொட்டி சுடுவா. சிரட்டை அடுப்புக்கு. தேங்காய் மட்டையைக் காயவைத்து அதையும் அடுப்புக்கு.

மீன்காரர் மிச்சம் மீதியை மலிவாகக் கொடுத்துவிட்டுப் போகிற நாளில் ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. ஒடியல் மா, சின்ன மீன், ஒரு நண்டு கிடைத்தால் நண்டு, மரவள்ளி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், முருங்கையிலை, புளி, செத்தல் (காய்ந்த) மிளகாய். ஒரு பெரிய பானை. பக்கத்து வீட்டாரும் தங்களிடம் இருப்பதைக் கொண்டுவந்து போடுவார்கள். பலா இலையைக் கோலி அதில்தான் குடிப்போம். இன்றைக்கு இதைக் கொழும்பில் விலை போட்டு விற்கிறார்கள், நல்லது.

2022இல், பொருளாதார நெருக்கடி நேரத்தில், கொழும்பில் இருந்தேன். காஸ் சிலிண்டருக்குத் தெருவெல்லாம் வரிசை. அடுக்குமாடியில் விறகடுப்பு எங்கே மூட்டுவது? மின்சாரத்தில் சமைப்போம் என்றால் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. மின் வருகிற நேரத்தைப் பார்த்து எழும்பி, ரைஸ் குக்கரில் கீழே சோறு, மேல்தட்டில் பருப்பும் கிழங்கும் ஒரேயடியாக வைத்து இறக்குவேன். இரவுக்குப் பாணும் (பிரெட்) தேங்காய்ச் சம்பலும். சம்பலுக்கு அடுப்பு வேண்டாம் என்பதே பெரிய உபகாரம்.

நெல்லைச் சமையல்:

கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவன் நான். எல்லாரும் எழுதுவதைப் பார்த்து ரெண்டு எச்சரிக்கை மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

மீந்த குழம்பைச் சுண்டவைப்பது எங்கள் பக்கத்துக் கலை. பொங்கலுக்கு மறுநாள் சாம்பார், அவியல், பொரியல் எல்லாம் ஒரே சட்டியில் சேர்ந்து சுண்டக்கறியாகும். பழைய சோற்றுக்கு அதைவிட உசத்தியான துணை இல்லை. ஆனால் அன்று இரவே கொதிக்க வைத்திருக்க வேண்டும். மார்கழி, தை குளிர் வேறு, சித்திரை வெயில் வேறு. தேங்காய் அரைத்து விட்டதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விடிவதற்குள் நுரைத்துவிடும். புளி தூக்கலாக, தேங்காய் இல்லாத வத்தக்குழம்பு என்றால் சூடுபண்ணிச் சூடுபண்ணி ரெண்டு மூணு நாள் ஓட்டலாம். பழைய சோறும் அப்படித்தான். சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த சோற்றில் காலையில் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது, கெட்ட சோறு.

அடுத்தது எண்ணெய். அப்பளம் பொரித்த எண்ணெயைத் தாளிக்க எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். அதே எண்ணெயில் திரும்பத் திரும்ப வடை சுடாதீர்கள். கறுத்து, பிசுபிசுத்து, காயும்முன்னே புகைய ஆரம்பித்தால் அதோடு சரி. உணவுப் பாதுகாப்பு விதிகளில் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள். எண்ணெய் கெட்டுச் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அதை அளக்கும் கருவி இல்லை, மூக்குதான் இருக்கிறது.

மில் குவார்ட்டர்ஸ் (கோவை):

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி. இந்தச் சிக்கனமெல்லாம் யார் தட்டில் குறைந்தது? எங்கள் வீட்டில் மீன் வாங்கினால் நடுத்துண்டு அப்பாவுக்கு, அண்ணனுக்கு. எனக்கு வால் துண்டு. அம்மாவுக்குத் தலையும் சட்டியில் ஒட்டிய குழம்பும். அம்மாவுக்குத் தலைதான் பிடிக்கும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அவர் பேத்தி பரிமாறிய நாளில் நடுத்துண்டை வேண்டாமென்று சொல்லவில்லை, முழுசாகச் சாப்பிட்டார்.

அதனால் என் வீட்டில் ஒரு பழக்கம். இருப்பது எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதலில் எல்லாத் தட்டிலும் பங்கு வைத்துவிட்டுத்தான் உட்காருவோம். மீந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பழைய சோறும் அப்படியே. சாப்பிட்டால் வீடே சாப்பிடும். ஒருத்தர் மட்டும் தினம் அதைத் தீர்க்கிற வேலை கிடையாது. என் கணவர் முதலில் முகம் சுளித்தார். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துக் கொடுத்த பிறகு அவரே கேட்க ஆரம்பித்தார்.

காவேரிக்கரை:

கோவைக்காரம்மா, நீங்கள் சொன்னது சுருக்கென்று இருந்தது. எங்கள் வீட்டில் காய் வரிசை தெரிந்த மாமியார் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்:

யாழ்ப்பாணத்து அக்கா, உங்கள் ஊரிலிருந்து வந்த நண்பர் ஒடியல் மா கொடுத்தார். நீங்கள் எழுதியதைப் பார்த்துக் கூழ் வைக்கலாம் என்று கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தேன். பயங்கரக் கசப்பு. கெட்டுப்போயிற்றா?

கிணற்றடி (யாழ்ப்பாணம்):

கெடவில்லை, தம்பி. ஒடியல் என்றால் பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது, கசக்கத்தான் செய்யும். அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல், அதை அப்படியே சாப்பிடலாம். இதை அப்படிச் சாப்பிட வேண்டாம். மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊற விடுங்கோ. மா அடியில் படிந்ததும் மேலே நிற்கிற தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் விடுங்கோ. கசப்புப் போகும்வரை இப்படி இரண்டு மூன்று தரம். மீனும் மரவள்ளியும் நன்றாக அவிந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றி, கிண்டிக்கொண்டே இருங்கோ, விட்டால் அடிப்பிடிக்கும். புளி கடைசியில். மேன்ஷனில் மீன் மணம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.