‘தள்ளு, நானே பாத்துக்குறேன்’: மேஸ்திரிக்கும் பழகுற தம்பிக்கும் முட்டிக்கொள்ளும் இடங்கள்

ஒவ்வொரு தொழில்காரரும் தன் பட்டறைப் பக்கத்திலிருந்து சொன்னது இது.

லேத்

லேத்தில் (கடைசல் மெஷினில்) பழகுபவர் வாங்கும் முதல் பெரிய திட்டு அநேகமாக கிராஸ் ஸ்லைடு டயலால்தான், அதாவது டூலை ஜாப்புக்குள் தள்ளும் கைப்பிடியின் அளவு வளையத்தால்தான் வரும். ‘ஒரு மில்லி எடு’ என்று சொல்லிவிட்டு மேஸ்திரி அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். தம்பி டயலில் ஒரு மில்லி திருப்பி ஓட்டுவார். அளந்து பார்த்தால் விட்டத்தில் இரண்டு மில்லி போயிருக்கும். ஜாப் ஸ்கிராப்.

சில லேத்துகளில் டயல் கோடு டூல் நகரும் தூரத்தைக் காட்டும். டூல் 1 மி.மீ. உள்ளே போனால் விட்டம் 2 மி.மீ. குறையும். வேறு சிலவற்றில் டயலையே விட்டத்துக்குத் தகுந்தபடி பிரித்திருப்பார்கள். ஒரே பட்டறையில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது சாதாரணம். பத்து வருஷம் ஓட்டியவருக்கு எந்த மெஷின் எந்த வகை என்பது யோசிக்காமலே கைக்கு வந்துவிடும். அதனாலேயே வாயில் வராது. புது மெஷினில் நின்றதும் ஒரு கழிவுத் துண்டைப் பிடித்து, லேசாக ஒரு ஓட்டு ஓட்டி அளந்து, டயலில் பத்துக் கோடு தள்ளி மறுபடி ஓட்டி அளந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இதை முதல் நாளே தம்பி கையால் செய்ய வைத்தால் பாதித் திட்டு மிச்சம்.

அடுத்தது திருகின் ஆட்டம். கோட்டைத் தாண்டித் திருப்பிவிட்டோம் என்று பின்னால் இழுத்துக் கோட்டில் நிறுத்துவது எல்லாப் புதியவரும் செய்வது. டயல் திரும்பும், டூல் நகர்ந்திருக்காது. அரைச் சுற்றாவது பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் வந்துதான் கோட்டில் நிறுத்த வேண்டும்.

ரொம்ப நேரம் வாக்குவாதமாகும் கேஸ் ஒன்று உண்டு. தம்பி மைக்ரோமீட்டரில் அளந்து ‘சைஸ் சரியாத்தான் இருந்துச்சு’ என்பார். ஒரு மணி நேரம் கழித்து மேஸ்திரி அளந்து ‘குறையுதே’ என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரியும். 50 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 0.023 மி.மீ. பெரிதாகக் காட்டும். 50 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு h7 டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) மொத்தமே 0.025 மி.மீ.தான், 49.975க்குக் கீழே போகக் கூடாது. சூட்டோடு அளந்து 49.990 என்று நிறுத்திய ஜாப் ஆறியதும் 49.967. அவ்வளவுதான், ரிஜெக்ட். கடைசி ஓட்டுக்கு முன்னால் ஜாப்பை ஆறவிடு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

‘ஆறு மாசமா இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுறதுதான் வேலை’ என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சுருளே ஒரு பாடம். ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலில் மைல்ட் ஸ்டீல் ஓடும்போது சுருள் வெள்ளையாகவோ, மீறிப்போனால் லேசான வைக்கோல் நிறத்திலோ வர வேண்டும். நீலமாக வந்தால் வேகம் அதிகம், டூல் முனை சீக்கிரம் போய்விடும். கார்பைடு டூலில் நீலச் சுருள் வருவது சகஜம். அள்ளச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட்டால் அது எடுபிடி வேலையாகத் தெரியாது. சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கியும் பிரஷும்தான், மெஷின் நின்ற பிறகுதான். இதைச் சொல்லாமல் விடுபவருக்கு மேஸ்திரி என்ற பெயரே பொருந்தாது.

வெல்டிங்

எங்கள் பக்கம் ‘பாத்துப் பண்ணு’ என்ற ஒரே பாடம்தான் நடக்கிறது. எதைப் பார்ப்பது? புதியவர் எல்லோரும் ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், கண் தானாக அங்கேதான் போகும். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் உருகி நிற்கும் குழம்பை. அதன் பின் ஓரம் எவ்வளவு அகலமாக, எந்த வடிவத்தில் உறைகிறது என்பதை வைத்துத்தான் கை வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். 3.15 மி.மீ. ராடுக்கு மணி, அதாவது உறைந்து நிற்கும் வெல்டு வரி, ஏறக்குறைய 6 முதல் 9 மி.மீ. அகலத்தில் வந்தால் வேகம் சரி. கயிறு மாதிரி உயரமாக நின்றால் கரண்ட் குறைவு, அல்லது கை வேகம் கூட. இரண்டு ஓரத்திலும் பள்ளம் விழுந்தால் கரண்ட் அதிகம், அல்லது ஆர்க் நீளம்.

6013 ராடு 3.15 என்றால் 90 முதல் 130 ஆம்பியருக்குள். ஆர்க் நீளம் ராடின் கம்பித் தடிமன் அளவு, அதற்கு மேல் போனால் பொறி தெறிக்கும், காற்றுக் குமிழ் உள்ளே மாட்டும். ராடு போகும் திசைக்கு 10, 15 டிகிரி சாய்ந்து இழுபட வேண்டும். இந்த நாலு எண்ணையும் ஹெல்மெட் உள்பக்கம் மார்க்கரில் எழுதிக்கொள்ளச் சொன்னால் குறைந்தா போய்விடும்?

ராடு ஒட்டிக்கொண்டால் மேஸ்திரி ஹோல்டரைப் பிடுங்கித் தானே முடித்துவிடுவார். அவசர வேலை, புரிகிறது. ஆனால் அவர் பிடுங்கும்போது கரண்டையும் தன் கைக்குத் தகுந்தபடி மாற்றிவிட்டு, சொல்லாமல் போய்விடுவார். தம்பி அடுத்த ராடு போடும்போது ஓட்டை விழும். இப்போது இரண்டாவது திட்டு. மாற்றினால் ‘நூத்திப் பத்து வச்சிருக்கேன்’ என்று ஒரு வார்த்தை போதும்.

இன்னொன்று: பழகுபவருக்கு எப்போதும் பட்டறையிலேயே மோசமான ஹெல்மெட்தான் கிடைக்கும். முன் கண்ணாடி முழுக்கப் பொறி ஒட்டி மங்கிப்போயிருக்கும். அதை வைத்துக்கொண்டு குழம்பு எப்படித் தெரியும்? மேல் கண்ணாடி மலிவான பொருள், மாற்றுங்கள். உள்ளே கருப்புக் கண்ணாடி 10 அல்லது 11 ஷேடு.

7018 ராடில் வரும் சண்டை வேறு மாதிரி. டப்பாவைத் திறந்ததும் ராடைச் சூட்டில் வைக்கும் ஓவன் பெட்டியில் வை என்று சொல்லியிருப்பார்கள், தம்பி வெளியே மறந்திருப்பார். ராடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெல்டில் ஹைட்ரஜன் போகும். பற்ற வைத்த நேரத்தில் மணி அழகாகத்தான் இருக்கும். விரிசல் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் வரும். தப்பு நடக்கும் நேரமும் அது தெரியும் நேரமும் வேறாக இருப்பதால், திட்டு எதற்கு விழுகிறது என்றே பழகுபவருக்குப் புரியாது. திறந்த ராடை 120, 150 டிகிரி சூட்டில் வைத்திருக்க வேண்டும். ஈரம் ஏறியதைத் திரும்பச் சுடுவதற்கு டப்பாவில் போட்டிருக்கும் சூடு, பொதுவாக 300, 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம்.

வண்டி மெக்கானிக்

இரண்டு பேர் சேர்ந்து செய்தே ஆக வேண்டிய வேலையில்தான் குட்டு வெளிப்படும். பிரேக்கில் காற்று எடுப்பதை எடுத்துக்கொள்வோம். தம்பி சீட்டில், அண்ணன் வண்டிக்கு அடியில். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. கீழேயிருந்து வருவதெல்லாம் ‘ம்’, ‘ம்ம்’, ‘ஆங்’. மேலே இருப்பவர் அதில் ஒன்றை ‘விடு’ என்று எடுத்துக்கொண்டு காலை எடுப்பார். காற்று வெளியேறும் திருகான நிப்பிள் இன்னும் திறந்திருக்கும். வெளியே போன காற்று அப்படியே திரும்ப உள்ளே. அரை மணி நேரம் செய்த பிறகும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும், ‘ஒரு பெடல் மிதிக்கத் தெரியல’ என்று பேச்சு ஆரம்பிக்கும்.

வேலை தொடங்கும் முன் மூன்றே சொல் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ‘அடி’ என்றால் மெதுவாக மூன்று நாலு தடவை மிதிப்பது. ‘பிடி’ என்றால் கடைசி மிதியில் அழுத்தி நிறுத்துவது. மேலே இருப்பவர் ‘பிடிச்சாச்சு’ என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் கீழே நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். அந்த நேரத்தில் பெடல் தானாகக் கீழே போகும். போகும், பயப்படாதே, காலை எடுக்காதே என்று முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். புதியவர் காலை எடுப்பதே ஏதோ உடைந்துவிட்டது என்று பதறித்தான். நிப்பிளை மூடிய பிறகு ‘விடு’. நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை பிரேக் ஆயிலில் முங்கியிருக்கட்டும், குமிழ் நின்றதா என்று கண்ணால் பார்க்கலாம்.

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை விடாமல் அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தரை வரை போனால் மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் இதுவரை போகாத துருப்பிடித்த இடத்துக்குப் போய்க் கிழியும். அப்புறம் ‘நீ மிதிச்ச மிதியிலதான் போச்சு’ என்று பழி வேறு. பிரேக் ஆயில் டேங்கில் அளவை யார் பார்ப்பது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அது காலியானால் முதலிலிருந்து ஆரம்பம்.

தச்சு

அளக்கும் டேப்பின் முனைக் கொக்கி ஆடும். அது பழுது என்று நினைத்து ரிவெட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடும் தம்பிகள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் கொக்கி எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆட வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். வெளி அளவில் இழுபட்டு வெளியே வரும், உள் அளவில் முட்டி உள்ளே போகும், இரண்டிலும் கணக்கு சரியாக இருக்கும். இறுக்கினால் ஏதாவது ஒரு பக்கம் ஒரு மில்லி தப்பு. மேஸ்திரி டேப்பில் ஒரு அளவு, தம்பி டேப்பில் ஒரு அளவு, சட்டத்தில் கதவு உட்காராது. ஒரு வேலைக்கு ஒரே டேப்.

பத்து ரீப்பர் ஒரே நீளம் வேண்டுமென்றால் முதல் துண்டைத் தனியாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதையே வைத்துக் கோடு போட வேண்டும். கடைசியாக அறுத்ததை வைத்து அடுத்ததைக் குறித்தால் தடவைக்கு அரை மில்லி ஏறி, பத்தாவது துண்டு நாலரை மில்லி நீளமாக நிற்கும்.

எலக்ட்ரிகல்

மேலே வெல்டிங்காரர், கையிலிருந்து வேலையைப் பிடுங்குவதைக் குறை சொல்கிறார். எங்கள் வேலையில் பிடுங்கித்தான் ஆக வேண்டும். தப்பு செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று இங்கே விட முடியாது. ஆனால் பிடுங்கிய பிறகு ஏன் என்று சொல்லாமல் போவதுதான் பிரச்சினை.

‘ஆஃப் பண்ணிட்டேன், கை வை’ என்ற வார்த்தையை நம்பித் தொடச் சொல்வது தவறு, சொல்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். பிரேக்கரில் பூட்டு, சாவி வேலை செய்பவர் பையில். பிறகு மீட்டரைச் சப்ளை இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது, ஆஃப் செய்த இடத்தில் பார்ப்பது, மறுபடி சப்ளை உள்ள இடத்தில் பார்ப்பது. மூன்றாவது எதற்கு என்று கேட்பார்கள். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும். நியான் டெஸ்டர் மட்டும் போதவே போதாது. தம்பி இப்படி மூன்று தடவை பார்த்தால் ‘என் மேல நம்பிக்கை இல்லையா?’ என்று கோபப்படும் சீனியர்கள் இருக்கிறார்கள். கோபப்படட்டும்.

‘மெக்கர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டு வை’ என்று சொல்லும்போது எலக்ட்ரானிக் லோடுகளைக் கழற்றச் சொல்லிவிட்டீர்களா என்று யோசியுங்கள். 500 வோல்ட் டிசி போனால் எல்இடி டிரைவர் போய்விடலாம். அதே மாதிரி த்ரீ ஃபேஸ் போர்டில் நியூட்ரல் லூஸாக இருந்தால் லோடு குறைந்த ஃபேஸில் 230 என்பது 400ஐ நோக்கி ஏறும். டெர்மினலை இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்ப்பது சும்மா சடங்கு கிடையாது.

ஃபிட்டர்

மேஸ்திரி பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். டேப் (இங்கே துளைக்குள் மரை வெட்டும் டூல்) உடைவது எல்லோருக்கும் நடக்கும். மறைப்பதுதான் வேலையைக் கொல்லும். எம்10 (10 மி.மீ. மரை)க்கு 1.5 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) என்றால் துளை 8.5 மி.மீ. அந்த டிரில் கையில் இல்லையென்று 8 போட்டுவிட்டு டேப்பை விட்டால் மரை வெட்ட இடமிருக்காது, முறுக்கிக்கொண்டு உடையும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், எண்ணெய், பிசிறை உடைத்துக்கொண்டே போக வேண்டும். நேராக இறங்குகிறதா என்று முதல் இரண்டு மரையிலேயே மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

உடைந்த துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி எடுத்துவிடலாம். பயந்துபோய்ப் பஞ்சால் அடைத்தோ, உள்ளே தட்டி இறக்கியோ வைத்தால் பிறகு மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷினுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஏன் பயந்தார்? அது மேஸ்திரி கேட்க வேண்டிய கேள்வி. உடைந்ததும் ‘யார் பண்ணது?’ என்று ஆரம்பிக்கும் இடத்தில் எல்லாத் துண்டும் உள்ளேதான் போகும். ‘இப்ப எவ்வளவு வெளிய நிக்குது?’ என்று கேட்டால் துண்டு கைக்கு வரும்.

கொத்து வேலை

சுருக்கமாக. ‘கலவை இறுகுது’ என்று கொத்தனார் மேலேயிருந்து கத்துவார், கையாள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் கிளறிக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் அப்போதைக்கு நிம்மதி, சுவருக்குத்தான் கேடு. இறுக ஆரம்பித்த கலவைக்குத் தண்ணீர் விட்டால் வலு போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குழைக்கச் சொல்வது கொத்தனாரின் பொறுப்பு. ‘ஆறு சட்டி மணல்’ என்றால் தலை தட்டிய சட்டியா, குவித்த சட்டியா என்பதையும் சொல்லுங்கள். ஈர மணல் வேறு உப்பி அதிக இடம் பிடிக்கும், அளவு பார்த்தால் ஆறு, உண்மையில் ஐந்துதான் இருக்கும்.

மறுபடி வண்டிப் பக்கம்

இரண்டு சீனியர், இரண்டு பேச்சு. இதை யாரும் தொடவில்லை. ஒருத்தர் போல்ட்டுக்கு எண்ணெய் தொட்டுப் போடு என்பார், இன்னொருத்தர் சுத்தமாகத் துடைத்துப் போடு என்பார். டார்க் ரெஞ்சில் (இறுக்கும் முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனரில்) அதே எண்ணை வைத்தாலும் எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறைந்து போல்ட் அதிகமாக இழுபடும், அறுந்தும் போகலாம். மேனுவலில் அந்த போல்ட்டுக்கு எண்ணெய் என்று போட்டிருந்தால் எண்ணெய், இல்லையென்றால் உலர்ந்த மரை. தம்பி நேற்று ஒருத்தர் சொன்னபடி செய்து இன்று இன்னொருத்தரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஜாப் கார்டில் ‘எண்ணெய்’ அல்லது ‘உலர்’ என்று எழுதி, சொன்னவரிடமே ஒரு கையெழுத்துக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ‘எதுக்கும் மேனுவலப் பாத்துக்கோ’ என்று நகர்ந்துவிடுவார்கள்.