உதவி: நீல க்ரேஃபிஷ் மல்லாந்து கிடக்குது, இழுத்து விடலாமா?

அரும்பாக்கம்_தொட்டி:
ரெண்டடி தொட்டி, ஒரே ஒரு எலக்ட்ரிக் ப்ளூ க்ரேஃபிஷ் (பெரிய கொடுக்கு வச்ச நன்னீர் இறால் மாதிரி), கொளத்தூர்ல வாங்கி ஏழு மாசம். மூணு நாளா சாப்பாட்டைத் தொடல. காலையில பார்த்தா மல்லாந்து கிடக்கு. முதுகு ஓடும் வாலும் சேர்ற இடம் பிளந்திருக்கு, வலது கொடுக்கு மட்டும் பழைய ஓட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. வயித்துக்கடியில இருக்கிற குட்டிக் கால் லேசா ஆடுது. கடைக்காரர் ஏதோ நீல மருந்து ஊத்தச் சொல்றார்.

இறால்பித்து:
ப்ரோ, கையை வைக்காதீங்க! அது சட்டை உரிக்குது, அதாவது பழைய ஓட்டைக் கழட்டுது. உள்ள இருக்கிறது வெண்ணெய் மாதிரி மெத்துன்னு இருக்கும், இழுத்தா கிழிஞ்சிடும். கொடுக்கு வரலேன்னா அதுவே அறுத்து விட்டுடும், அடுத்தடுத்து சட்டை உரிக்கிறப்போ சின்னதா ஒண்ணு முளைச்சு வரும். மருந்து வேணவே வேணாம். சில மீன் மருந்துல காப்பர் சல்ஃபேட் இருக்கும். மீன் தாங்குற அளவைக்கூட க்ரேஃபிஷ், இறால், நத்தையெல்லாம் தாங்காது. லைட்டை அணைச்சிட்டு, ஏர் பம்பைக் கூட்டி வைங்க.

பழைய_தொட்டிக்காரன்:
தம்பி, என்ன தண்ணி ஊத்துறீங்க?

அரும்பாக்கம்_தொட்டி:
நாங்க குடிக்கிற ஆர்ஓ தண்ணிதான் சார். சுத்தமா இருக்கட்டும்னு. டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 38 காட்டுது. போன தடவை உரிச்சப்போ ஓட்டைப் பார்த்து செத்துடுச்சுன்னு நினைச்சு குப்பையில போட்டுட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு பானைக்குள்ள இருந்து மீசை எட்டிப் பார்க்குது!

பழைய_தொட்டிக்காரன்:
ரெண்டும் சேர்ந்துதான் கவுத்திருக்கு. உரிக்கிறதுக்கு முன்னாடி பழைய ஓட்டுல இருந்து கொஞ்சம் கால்சியத்தை உறிஞ்சி, வயித்துக்குள்ள ரெண்டு வெள்ளைக் கல்லா சேர்த்து வச்சுக்கும். உரிச்சதும் அது கரைஞ்சு புது ஓட்டுக்குப் போகும். ஆனா அது பத்தாது. மிச்சத்தைத் தண்ணியில இருந்தும், கழட்டின ஓட்டைத் தின்னும்தான் எடுக்கணும். ஆர்ஓ தண்ணியில கால்சியம் இல்லாத மாதிரிதான், ஓட்டையும் நீங்க தூக்கிப் போட்டுட்டீங்க. எலக்ட்ரிக் ப்ளூங்கிற பேர்ல ரெண்டு மூணு இனம் விக்கிறாங்க. உங்களுது ஃபுளோரிடாவுல இருந்து வந்த அலேனிங்கிற இனமா இருந்தா, அதோட ஊரே சுண்ணாம்புப் பாறை மேல தேங்குற சதுப்பு.

இன்னைக்குத் தண்ணி மாத்தாதீங்க. ஓடு இறுகினப்புறம் தினம் பத்துல ஒரு பங்கு, ஒரு நாள் ஊறவச்சு குளோரின் போன மெட்ரோ குழாய்த் தண்ணி சேருங்க. டிடிஎஸ் மீட்டரை நம்பாதீங்க, போர் தண்ணியில வெறும் உப்பே ஆயிரம் காட்டும். ஜிஹெச் கிட் (தண்ணியில கால்சியம், மெக்னீசியம் எவ்ளோன்னு காட்டும்) வாங்கி எட்டுக்கு மேல இருக்கான்னு பாருங்க. நாட்டு மருந்துக் கடையில கடல்நுரை கேளுங்க, கணவாய் ஓடுதான் அது. ஒரு துண்டை ஃபில்டர் பக்கத்துல போட்டா போதும்.

வேளச்சேரி_குமார்:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு பாஸ், பேசாம ஏரியில விட்டா பொழைச்சுக்கும்.

இறால்பித்து:
பொழைச்சுக்கும்ங்கிறதுதான் பிரச்சனையே. நம்ம நாட்டு ஆறு குளத்துக்குச் சொந்தமான க்ரேஃபிஷ் இனமே கிடையாது. மடகாஸ்கர்ல மார்பிள் க்ரேஃபிஷ் புகுந்து வயல் வரைக்கும் போயிடுச்சு. அதுக்கு ஆணே வேணாம், ஒத்தப் பொட்டை இருந்தாலே முட்டை போட்டுப் பெருகிடும்.

அரும்பாக்கம்_தொட்டி:
சாயங்காலம் ஆறு மணி. வெளிய வந்துடுச்சு! வலது கொடுக்கு போயிடுச்சு, உடம்பு வெளிறிக் கிடக்கு, பானைக்குள்ள ஒண்டியிருக்கு. ஓட்டை எடுக்கவா? கூட நாலு டெட்ரா மீன் இருக்கு.

பழைய_தொட்டிக்காரன்:
ஓட்டைத் தொடாதீங்க. டெட்ராவைத்தான் இப்பவே ஒரு பக்கெட்டுக்கு மாத்தணும், மெத்துன்னு இருக்கிறப்போ கொத்தும். தேறினப்புறம் இது அதுங்களைப் பிடிக்கும், அது வேற கதை. மூடியில ஏர் டியூப் போற ஓட்டையைப் பஞ்சு வச்சு அடைங்க. என்னுது ஒண்ணு டியூப்பைப் பிடிச்சு ஏறி, காலையில ஷூ ராக்குக்கு அடியில கிடந்துச்சு.

அரும்பாக்கம்_தொட்டி:
மூணாவது நாள். பழைய ஓட்டுல மீசையும் வால் விசிறியும்தான் மிச்சம். மத்ததெல்லாம் காலி. ஒத்தக் கொடுக்கோட கடல்நுரையைக் கட்டிப்பிடிச்சு உட்கார்ந்திருக்கு.